வாசகர் கேள்வி: கரு தங்காததற்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன தொடர்பு?

கேள்வி: எனக்கு வயது 30. முதல் இரண்டு கர்ப்பங்கள் 7, 9 வாரங்களில் கலைந்துவிட்டன. மூன்றாவது முறை ஐந்து மாதம் வரை எல்லாம் சரியாக இருந்தது. 23ஆவது வாரத்தில் பி.பி. ஏறியது, குழந்தை வளர்ச்சி போதவில்லை என்றார்கள். 25ஆவது வாரத்தில் வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுவிட்டது. குழந்தையின் அமைப்பில் குறை எதுவும் இல்லை என்று சொன்னார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ்', 'கார்டியோலிபின் ஐஜிஜி 58' என்று வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரினும் தினமும் ஹெப்பாரின் ஊசியும் போட வேண்டும் என்கிறார் எங்கள் டாக்டர். இன்னொரு மருத்துவமனையில், உங்களுக்கு என்.கே. செல் அதிகம், அதுதான் கருவைத் தாக்குகிறது, கொழுப்பு டிரிப் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். ரத்தத்தை நீர்க்க வைக்கும் ஊசி போட்டால் பிரசவத்தில் ரத்தம் நிற்காது என்று மாமியார் பயப்படுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். டிரிப்புக்கான பணத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஊசிக்குத் தேவைப்படும்.

உங்களுக்கு இருப்பதாகச் சந்தேகப்படுவது ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம்: உடலின் எதிர்ப்புப் புரதமே (ஆன்டிபாடி) ரத்தத்தை உறையவைத்து, நஞ்சுக்கொடியையும் கெடுக்கும் நோய். லேப்களில் ஏ.பி.எல்.ஏ. டெஸ்ட் என்பார்கள். இதை உறுதிப்படுத்த உடலில் நடந்த சம்பவம் ஒன்றும், ரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடியும் வேண்டும். முதலாவது உங்களிடம் தெளிவாகவே இருக்கிறது. 10 வாரத்துக்கு மேல் வளர்ந்த, அமைப்பில் குறையில்லாத குழந்தை காரணம் தெரியாமல் இறப்பது ஒரு முறை நடந்தாலே 2006இல் வகுக்கப்பட்ட சிட்னி வரையறைப்படி போதும். முதல் இரண்டு கலைவுகளை வைத்து மட்டும் யாரும் இந்த முடிவுக்கு வரமாட்டார்கள். 10 வாரத்துக்கு முன் தொடர்ந்து மூன்று முறை கலைந்திருந்தால்தான் அந்த வரையறை கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆரம்ப வாரக் கலைவுகளில் பெரும்பங்கு கருவின் குரோமோசோம் கோளாறால் வருவது. உங்கள் விஷயத்தில் சந்தேகத்தை வலுவாக்குவது 25ஆவது வார இழப்பும், அதற்கு முன்னால் ஏறிய பி.பி.யும், குன்றிய வளர்ச்சியும் சேர்ந்து வந்ததுதான். மூன்றுக்கும் ஊற்று நஞ்சுக்கொடி.

இனி ரத்தம். 12 வார இடைவெளி கேட்பதற்குக் காரணம், சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும், சில மருந்துகளாலும்கூட இந்த ஆன்டிபாடிகள் சில வாரங்கள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும் என்பது. ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுக்க முத்திரை குத்தக் கூடாது. அதோடு, குழந்தை போன பத்தாவது நாளில் உங்கள் உடலில் அழற்சி இன்னும் தணியாமல் இருந்திருக்கலாம். அந்தச் சமயத்தில் ஹெப்பாரின் ஏதாவது போட்டிருந்தால் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் டெஸ்ட் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து அந்த நாட்களில் என்ன ஊசி போட்டார்கள் என்று பாருங்கள்.

மறுபரிசோதனையில் மூன்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டும்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிபின் ஐஜிஜி–ஐஜிஎம், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஐஜிஜி–ஐஜிஎம். ஐஜிஜி, ஐஜிஎம் என்பவை ஆன்டிபாடியின் இரண்டு வகைகள். உங்கள் முதல் ரிப்போர்ட்டில் மூன்றாவது டெஸ்ட் இல்லை. மூன்றும் பாசிட்டிவ் ஆனால் ஆபத்து கூடுதல், ஆகவே அதைத் தெரிந்துகொள்வது அவசியம். கார்டியோலிபின் 40க்கு மேல் இருந்தால்தான் மிதமானது என்று எடுப்பார்கள். உங்கள் 58 அதற்குள் வருகிறது. ஐஜிஎம் மட்டும் 20, 25 என்று லேசாக ஏறியிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த மூன்றில் அதிகம் கெடுவது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் டெஸ்ட். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். குறைந்தால் உள்ளே இருக்கும், ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட்டின் விகிதம் மாறி முடிவு தவறும். எடுத்த சில மணி நேரத்துக்குள் மெஷினில் இரண்டு முறை சுழற்றி பிளேட்லெட்டை (ரத்தத் தட்டணு) முழுதாகப் பிரித்தாக வேண்டும். பிளேட்லெட் மிச்சமிருந்தால் அது ஆன்டிபாடியை உறிஞ்சிக்கொண்டு நெகட்டிவ் என்று காட்டிவிடும். உள்ளூர் கலெக்‌ஷன் சென்டரில் எடுத்து, ராத்திரி பஸ்ஸில் வேறு ஊருக்குப் போகும் குழாயில் இது நடக்காது. டெஸ்ட் செய்யும் லேபுக்கே நேரில் போய்க் கொடுங்கள், அதற்காக மதுரைக்கோ திருச்சிக்கோ போக நேர்ந்தாலும். காய்ச்சல் இருக்கும் வாரத்தில் போகாதீர்கள். ரிப்போர்ட்டில், ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் டி.ஆர்.வி.வி.டி., ஏ.பி.டி.டி. ஆகிய இரண்டு முறைகளிலும் பார்த்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். அதே நாளில் பிளேட்லெட் எண்ணிக்கை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஏ.என்.ஏ., ஆன்டி-ரோ என்னும் ஆன்டிபாடி டெஸ்டுகள் ஆகியவற்றையும் எடுத்துவிடலாம். இந்த நோய் சிலரிடம், எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயோடு சேர்ந்து வரும். ஆன்டி-ரோ இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டிவரும்.

முடிவு வரும்வரை கர்ப்பம் வேண்டாம். அதற்கென்று சாதாரணக் கருத்தடை மாத்திரை போடாதீர்கள். மாதவிலக்கைச் சீராக்க என்று யாராவது எழுதிக்கொடுத்தாலும் வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள எதுவும் உறைவு ஆபத்தைக் கூட்டும். ஆணுறை போதும்.

இனி, நோய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் மாமியாரின் பயத்துக்கும் அந்த டிரிப் யோசனைக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. ரத்தத்தில் பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்றொரு புரதம் எல்லோருக்கும் உண்டு. செல்களின் மேற்பரப்பில் உள்ள பாஸ்போலிபிட் கொழுப்பில் அது ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஆன்டிபாடி அந்தப் புரதத்தைப் பிடிக்கிறது. நஞ்சுக்கொடி உருவாகும்போது அதன் வெளிச் செல்களில் இந்தக் கொழுப்பு வெளிப்புறம் திரும்பியிருப்பதால், ஆன்டிபாடிக்கு அங்கே பிடிமானம் அதிகம். பிடித்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் உசுப்பப்படுகின்றன. மோனோசைட் என்னும் வெள்ளை அணு தன் மேற்பரப்பில் டிஷ்யூ ஃபேக்டரைக் கொண்டுவருகிறது. உறைதல் ஆரம்பிப்பதே அதிலிருந்துதான். நியூட்ரோபில் அணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசுகின்றன; அந்த வலையில் பிளேட்லெட் சிக்கிக் கட்டியாகிறது. காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொடர் கிளம்பி, அதில் உண்டாகும் சி5ஏ என்னும் துண்டு மேலும் நியூட்ரோபில்களை அங்கே இழுக்கிறது. அப்படி வந்தவை மறுபடி டிஷ்யூ ஃபேக்டரைக் கொண்டுவருகின்றன. அழற்சி உறைவைத் தூண்ட, உறைவு அழற்சியைத் தூண்ட, சுற்றிச் சுற்றி நடக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஏறக்குறைய 10 வாரம் வரை தாயின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் முழுதாகப் பாய்வதே இல்லை. அப்படியிருக்க, 8ஆவது வாரக் கலைவை 'ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது' என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தக் கட்டத்தில் ஆன்டிபாடி நஞ்சுக்கொடிச் செல்களையே நேராகக் கெடுக்கிறது: அவை பெருகாமல், கருப்பைச் சுவருக்குள் சரியாக ஊடுருவாமல் போகின்றன. ஊடுருவியிருந்தால் கருப்பையின் சுருள் தமனிகள், சின்ன வாய்க்கால் பெரிய கால்வாயாக வெட்டப்படுவதுபோல, அகன்றிருக்கும். அகலாமல் போனால் 20 வாரத்துக்கு மேல் குழந்தைக்கு ரத்தம் போதாது. நஞ்சுக்கொடி விடும் பொருள்களால் தாயின் ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டு பி.பி. ஏறும். உங்கள் மூன்றாவது கர்ப்பத்தில் நடந்தது அநேகமாக இந்த வரிசைதான்.

ஹெப்பாரினை வெறும் ரத்தம் நீர்க்கும் மருந்து என்று நினைப்பதால்தான் அதன் அருமை தெரியாமல் போகிறது. 2004இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வில் இந்த ஆன்டிபாடியைச் செலுத்தி, கருவைக் காக்க வெவ்வேறு உறைவு எதிர்ப்பு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெப்பாரின் காப்பாற்றியது. ரத்தத்தை அதே அளவுக்கு உறையாமல் வைத்த ஹிருடினும் ஃபாண்டாபாரினக்ஸும் காப்பாற்றவில்லை. வித்தியாசம், ஹெப்பாரின் காம்ப்ளிமென்ட் தொடரையும் அடக்குகிறது. ஆக, 'எனக்கு இம்யூன் பிரச்சினை, அதற்கு ஒன்றும் தரவில்லையே' என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கான மருந்து டாக்டர் எழுதிய ஊசியிலேயே இருக்கிறது.

மனிதர்களில் என்ன பலன்? 1997இல் லண்டனில் 90 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. ஹெப்பாரினும் சேர்த்தவர்களில் 71 சதவீதம். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் உங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் இன்றும் முதல் சிகிச்சை.

முறை இது. இரண்டாவது ரிப்போர்ட்டும் பாசிட்டிவ் என்றால், கர்ப்பத்துக்கு முயலும்போதே ஆஸ்பிரின் 75 மி.கி. ஆரம்பிக்கலாம். வீட்டு யூரின் டெஸ்டில் இரண்டு கோடு வந்த உடனேயே டாக்டரிடம் போங்கள். 'மூன்று மாதம் ஆகட்டும், அப்புறம் காட்டலாம்' என்று வீட்டில் சொல்வார்கள், அந்த மூன்று மாதம்தான் உங்களுக்கு முக்கியம். கர்ப்பம் உறுதியானதும் ஹெப்பாரின் வகையான எனாக்ஸபாரின் ஊசி தொடங்கும். உடல் எடை 50 முதல் 90 கிலோ வரை என்றால் வழக்கமாக நாளுக்கு ஒரு முறை 40 மி.கி.; 50க்குக் கீழ் 20, 90க்கு மேல் 60. காலில் அல்லது வேறெங்கும் முன்பு ரத்தம் கட்டியாக உறைந்த வரலாறு இருந்தால் இந்த அளவு போதாது. கடிதத்தில் நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை. இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் சாதாரண ஹெப்பாரின் 5000 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போடலாம். லண்டன் ஆய்வில் பயன்பட்டதே அதுதான். 12 வாரத்திலிருந்து ஆஸ்பிரினை 150 மி.கி. ஆக்கி ராத்திரியில் போடச் சொல்வார்கள். 2017இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வுக்குப் பிறகு, முன்கூட்டியே வரும் பி.பி. சிக்கலைத் தடுக்கப் பல இடங்களில் இந்த அளவைத்தான் தருகிறார்கள். 36ஆவது வாரம் வாக்கில் நிறுத்துவார்கள்.

ஊசியை நீங்களே போடலாம். உட்கார்ந்தோ சாய்ந்தோ, தொப்புளைச் சுற்றி நான்கு விரற்கடை விட்டு, வயிற்றின் பக்கவாட்டில் தோலை மடித்துப் பிடித்து, ஊசியை நேராக முழுதும் இறக்குங்கள். மருந்து முழுதும் போய் ஊசியை வெளியே எடுக்கும்வரை மடிப்பை விடக் கூடாது. முழு அளவையும் போடும்போது சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டாம். அது கடைசித் துளியைத் தள்ளுவதற்காக வைத்தது. போட்ட இடத்தைத் தேய்த்தால்தான் நீலம் பாரிக்கும், தேய்க்காதீர்கள். ஒரு நாள் இடது, மறுநாள் வலது. வயிறு பெரிதானாலும் அங்கேயே போடலாம்; ஊசி தோலுக்குக் கீழே உள்ள கொழுப்போடு நின்றுவிடும், குழந்தையை எட்டாது. மருந்தும் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. பெரிய புட்டியிலிருந்து பல முறை எடுக்கும் வகையில் பென்சைல் ஆல்கஹால் என்னும் பதப்படுத்தும் பொருள் கலந்திருக்கலாம். ஒற்றை ஊசியாக வருவதையே கேட்டு வாங்குங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. (பலர் கேட்கத் தயங்கும் ஒன்று: ஹெப்பாரின் வகை மருந்துகள் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகின்றன. உங்கள் வீட்டில் அது பிரச்சினை என்றால் ஊசியை ரகசியமாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் பேசுங்கள்.)

ஊசி தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் பிளேட்லெட்டை ஒரு முறை பார்ப்பார்கள். ஹெப்பாரினால் பிளேட்லெட் சரியும் அபூர்வ விளைவைக் கண்டுபிடிக்க. மாதக்கணக்கில் போடுவதால் எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடந்த முறை 23ஆவது வாரத்தில் சிக்கல் தெரிந்தது. ஆகவே இந்த முறை கண்காணிப்பு 20க்கே தொடங்க வேண்டும். வீட்டில் ஒரு பி.பி. மெஷின் வைத்து வாரம் இரண்டு முறை பார்த்து எழுதுங்கள். 140/90 வந்தால் அன்றே டாக்டரிடம். 160/110 என்றால் நேராக அவசர சிகிச்சைக்கு. காலை வரை காத்திருக்கக் கூடாது. விடாத தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, விலாவுக்குக் கீழே நடு வயிற்று வலி ஆகியவற்றுக்கும் இதே விதி. அந்த வலியை கேஸ் என்று சொல்லி ஜெலூசில் குடித்துத் தாமதிப்பவர்கள் அதிகம். 20 முதல் 24 வாரத்துக்குள் கருப்பைத் தமனி டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்), அதன்பின் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை வளர்ச்சி ஸ்கேன், தொப்புள்கொடி டாப்ளரோடு. குறைமாதக் குழந்தையைக் கவனிக்கும் பிரிவு உள்ள மருத்துவமனையில் ஆரம்பத்திலேயே பதிவு செய்யுங்கள்.

இப்போது மாமியாரின் கேள்வி. தடுப்பு அளவில் போட்ட எனாக்ஸபாரின் 12 மணி நேரத்தில் பெருமளவு தணிந்துவிடும். அதனால்தான் முதுகில் மயக்க ஊசி போடுவதற்கு முன் குறைந்தது 12 மணி நேர இடைவெளி கேட்பார்கள். பிரசவ நாளைக் குறித்துவிட்டால் முந்தைய நாள் காலையோடு நிறுத்துவது எளிது. திடீரென்று வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தக்கசிவு இருந்தாலோ அடுத்த ஊசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசி ஊசியின் நேரத்தைச் சொல்லுங்கள். அந்த நேரத்தைத் தினமும் காலண்டரில் குறிப்பது நல்ல பழக்கம். இன்னொன்றையும் மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். உங்கள் ஏ.பி.டி.டி. லேபில் எப்போதுமே நீண்டதாக வரலாம். காரணம், ஆன்டிபாடி சோதனைக் குழாயில் டெஸ்டைக் குழப்புகிறது. உடலுக்குள் அதே ஆன்டிபாடி உறையத்தான் வைக்கிறது. இது தெரியாதவர் ரிப்போர்ட்டைப் பார்த்து ரத்தம் நிற்காது என்று பயந்து பிளாஸ்மா ஏற்ற நினைப்பார்.

மாமியார் பயப்பட வேண்டிய காலம் வேறு. குழந்தை பிறந்த பிறகான ஆறு வாரம். கர்ப்பம் முழுவதையும் விட நாள் கணக்கில் உறைவு ஆபத்து அப்போதுதான் அதிகம். ஊசி நின்றுபோவதும் அப்போதுதான், 'குழந்தைதான் வந்துவிட்டதே' என்று. வழக்கமாகப் பிரசவமான 6 முதல் 12 மணி நேரத்துக்குள் மறுபடி தொடங்கி ஆறு வாரம் தொடர வேண்டும். முதுகில் குழாய் வைத்திருந்தால் அதை எடுத்து 4 மணி நேரமாவது ஆன பிறகு. தாய்ப்பால் கொடுக்கலாம். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதும், எழுந்து நடக்க விடாமல் படுக்க வைப்பதும் இன்னும் நடக்கிறது. உடலில் நீர் குறைந்து, கால் அசையாமல் கிடந்தால் சிரையில் ரத்தம் தேங்கும். உங்களுக்கு அந்தப் பத்தியம் ஆகாது. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், முதல் நாளிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள். ஒரு கால் மட்டும், குறிப்பாக இடது கால், வீங்கி வலித்தால், மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினால், தலைவலி நாளுக்கு நாள் கூடி வலிப்போ கைகால் பலவீனமோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது மூளைச் சிரையில் உறைவதன் அடையாளம். அதை 'ஜன்னி' என்று சொல்லி வீட்டில் வைத்திருந்து இழந்தவர்கள் உண்டு.

இனி, நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான என்.கே. செல் பற்றி. கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் உள்ள என்.கே. செல்லும் கருப்பைச் சுவரில் உள்ளதும் வகையிலும் வேலையிலும் வேறு. கருப்பையில் உள்ளவை கருவைத் தாக்குவதில்லை, அந்தச் சுருள் தமனிகளை அகலப்படுத்த உதவுகின்றன. கை ரத்தத்தில் எண்ணினால் அந்த எண், அன்றைய உடல் உழைப்பு, மன அழுத்தம், எடுத்த நேரம் என்று எதற்கும் மாறும். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே, இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. டிரிப்பில் ஏறுவது சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்த குழம்பு. வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டத்துக்காக உருவானது. அதோடு ஸ்டீராய்டும் தருவதாகச் சொன்னால் இன்னும் எச்சரிக்கை. 1997இல் வந்த ஓர் ஆய்வில் ஆன்டிபாடிகள் உள்ள பெண்களுக்கு பிரெட்னிசோனும் ஆஸ்பிரினும் கொடுத்ததில் குழந்தை தங்குவது கூடவில்லை, குறைப்பிரசவம்தான் கூடியது.

அங்கேயே 'த்ரோம்போபிலியா பேக்கேஜ்' (ரத்தம் எளிதில் உறையும் கோளாறுகளுக்கான டெஸ்டுகள்) என்று நீளமான பட்டியலும் நீட்டலாம். உறைதலைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் எஸ் கர்ப்பத்தில் எல்லோருக்கும் இயல்பாகவே குறையும். அதைப் பார்த்து நோய் என்று எழுதக் கூடாது. எம்.டி.எச்.எஃப்.ஆர். என்னும் மரபணு டெஸ்ட் தேவையே இல்லை. பரம்பரை உறைவுக் கோளாறு உள்ள, கரு மீண்டும் மீண்டும் கலைந்த பெண்களுக்கு ஹெப்பாரின் கொடுப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை என்று 2023இல் வெளிவந்த அலைஃப்-2 ஆய்வு காட்டியது. ஆகவே உங்கள் இரண்டாவது ரிப்போர்ட்டில் மூன்று டெஸ்டும் நெகட்டிவ் என்றால் 'எதற்கும் போட்டு வைப்போம்' என்று ஊசி போடச் சம்மதிக்காதீர்கள். ஆஸ்பிரினும் நெருக்கமான கண்காணிப்பும் அப்போது பேச வேண்டியவை. பாசிட்டிவ்வாகி, ஊசியும் ஆஸ்பிரினும் போட்டும் பலனில்லாதவர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சேர்ப்பது அடுத்த படி. அதை ருமட்டாலஜிஸ்டும் (லூபஸ், மூட்டு நோய் போன்றவற்றுக்கான நிபுணர்) மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

நோய் உறுதியானால், பிரசவத்துக்குப் பிறகும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டாம். காப்பர்-டி வைத்துக்கொள்வதைப் பற்றி வீட்டுக்குக் கிளம்பும் முன்பே வார்டில் கேட்டுவிடுங்கள்.